கோத்தகிரியில் ஒரு மனு எழுதும் கடை: எங்கள் புல்வெளிக்காகப் போய் வந்த அனுபவம்

கோத்தகிரி பேருந்து நிலையத்திலிருந்து மார்க்கெட் பக்கம் ஏறும் வழியில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. ‘ஜெராக்ஸ், பட்டா, சிட்டா, மனு’ என்று கதவில் ஒட்டியிருக்கும் தாள்தான் அடையாளம். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஐயாவும், தட்டச்சு செய்யும் அவருடைய மருமகளும் நடத்துகிறார்கள். எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் புல்வெளியில் ஒரு தனியார் பள்ளி கட்டடம் கட்ட வந்தபோது, என்ன செய்வதென்று தெரியாமல் நாங்கள் கத்திக்கொண்டிருந்தோம். அந்தக் கத்தலை, அலுவலகங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகளாக எழுதிக் கொடுத்தது இந்தக் கடைதான். மலையில் வேறு ஊர்களிலும் இதே தலைவலி இருப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு மேலே தேயிலை முடிகிற இடத்தில் புல்வெளி தொடங்குகிறது. மேல் பாதி சரிவு, கீழ் பாதி சதுப்பு. மழைக்காலத்தில் சதுப்பில் கால் வைத்தால் கருப்பு மண்ணில் முழங்கால் வரை இறங்கும். அதற்குக் கீழேதான் எங்கள் ஊற்றுத் தொட்டி. ஏப்ரல் மாதம் பக்கத்து ஊர்களில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை கட்டி நிற்கும்போதும் எங்கள் தொட்டிக்கு விரல் தடிமனில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்தப் புல்லும் சதுப்பும் செய்கிற வேலை. ஹட்டியில் (படகர் ஊரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) எருமை வைத்திருக்கும் தாத்தாக்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் அங்கேதான் மேய்க்கிறார்கள். ஓரத்துப் புதர்களில் தவிட்டுப்பழம் பழுக்கிற நாளில் பிள்ளைகள் வீட்டுக்கே வர மாட்டார்கள். காட்டெருமைகள் சாயங்காலம் இறங்கி வந்து புல்லை மேய்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். அந்த இடம் இருப்பதால்தான் அவை எங்கள் தோட்டத்துக்குள் அதிகம் வருவதில்லை என்பது என் எண்ணம்.

பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் தினமும் பஸ்ஸில் கோத்தகிரிக்குப் போய்ப் படிக்கிறாள். காலை பஸ்ஸை விட்டால் அன்றைக்குப் பள்ளி போச்சு. மழை நாளில் ரோட்டில் மரம் விழுந்தால் எப்போது வருவாள் என்று வாசலில் நின்றுகொண்டிருப்பேன். ஊருக்குப் பக்கத்தில் நல்ல பள்ளி வந்தால் முதலில் சந்தோஷப்படுவது நான்தான். ஆனால் அதை எங்கள் தண்ணீர்த் தொட்டியின் தலையில் கட்டக் கூடாது.

ஒரு நாள் புல்வெளியின் மேல் ஓரத்தில் கம்பி வேலி வந்தது. அடுத்து வண்ணப் படத்தோடு ஒரு பலகை. தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடிகள், விடுதி, விளையாட்டு மைதானம், பஸ் நிற்க இடம் என்று எல்லாம் அந்தப் படத்தில் இருந்தன. அப்புறம் ஊர் இரண்டாகப் பிரிந்தது. டிரைவர் வேலை, சமையல் வேலை எல்லாம் நமக்குத்தான் கிடைக்கும் என்று ஒரு பக்கம். தண்ணீர் போய்விடும் என்று இன்னொரு பக்கம். எதிர்த்துப் பேசியவர்களை ‘பிள்ளைகள் படிப்புக்கு எதிரி’ என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சுதான் அதிகம் வலித்தது. எங்கள் மகளிர் குழுவில் பேசி, கையெழுத்து வாங்கி, ‘பள்ளி கட்டுவதைத் தடுத்து நிறுத்துக’ என்று ஒரு மனு கொடுத்தோம். ஓர் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரசீதும் தரவில்லை, பதிலும் வரவில்லை.

அந்த நிலையில்தான் குழுவிலிருந்த ஓர் அக்கா சொல்லி இந்தக் கடைக்குப் போனோம்.

ஐயா முதலில் கேட்டது சர்வே எண். எங்களில் யாருக்கும் தெரியாது. பக்கத்துத் தோட்டக்காரரின் பட்டா எண்ணை வைத்துத் தொடங்கினார். அரசின் இ-சேவை இணையதளத்தில் எங்கள் கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த எண்ணுக்கு அடுத்தடுத்த எண்களாகப் பார்த்துக்கொண்டே போய், எந்த எண் நிலம் என்ன வகை, யார் பெயரில் என்று சொல்லும் ‘அ’ பதிவேட்டை எடுத்தார். அப்புறம் நிலத்தின் எல்லைக் கோடுகளைக் காட்டும் புலப்படம், இங்கே எல்லோரும் எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் என்றுதான் சொல்வோம். இரண்டையும் மேசையில் விரித்து, பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். வேலி போட்டிருக்கும் மேல் சரிவு பட்டா நிலம்; ஒரு பழைய எஸ்டேட்டிடமிருந்து கை மாறியிருக்கிறது. அதற்குக் கீழே தனி எண்ணில் இருக்கும் சதுப்பு ‘மேய்க்கால் புறம்போக்கு’, அதாவது மேய்ச்சலுக்கான பொது நிலம். நடுவில் மெல்லிய இரட்டைக் கோடாக ஓடை. பலகையில் இருந்த படத்தை நான் போனில் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் எங்களுக்கே தெரிந்தது: கட்டடம் மட்டும்தான் பட்டா நிலத்தில். மைதானமும் பஸ் வரும் பாதையும் ஓடையைத் தாண்டிப் புறம்போக்கில் விழுகின்றன.

இத்தனை வருஷம் அந்த மண்ணில் நடந்தவர்கள் நாங்கள். எங்கே கோடு போகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தோம். இந்த ஒரு வேலைக்காகவே கடைக்கு முழு மதிப்பெண் தருவேன். ‘அ’ பதிவேட்டை இணையத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். வில்லங்கச் சான்றையும் பதிவுத்துறை தளத்தில் அப்படியே பார்க்கலாம். ஐயாவே அதை எங்களிடம் சொல்லிவிட்டார். ஆனால் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும், அதில் எந்தக் கட்டத்தைப் படிக்க வேண்டும் என்பது தெரிந்த ஆள் வேண்டுமே.

அடுத்து எங்கள் பழைய மனுவை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, “இதுல பள்ளிக்கூடம் வேணாம்னு மட்டும்தான் இருக்குதும்மா. எந்த ஆபீசரும் பள்ளிக்கூடம் வேணாம்னு உத்தரவு போட மாட்டார்” என்றார். பெரிய மனுவாக ஒன்றை எழுதி எல்லோருக்கும் நகல் அனுப்புவதை அவர் விரும்புவதில்லை. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் அவர்கள் பொறுப்பில் இருக்கும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தனித்தனித் தாளில் எழுதினார்.

வருவாய்த் துறைக்கு: இன்ன எண்ணில் உள்ள மேய்க்கால் புறம்போக்கையும் ஓடையையும் அளந்து கல் நட வேண்டும். கட்டட அனுமதி தருபவர்களுக்கு: எங்கள் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறது (1990-ல் அமைத்தது, ஹாகா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்), அந்த வழியாக அனுமதி கேட்கப்பட்டிருக்கிறதா, மலையில் 7 மீட்டர் உயரம் என்ற கட்டுப்பாட்டுக்குள் மூன்று மாடி எப்படி வரும்? வனத்துறைக்கு: மேல் ஓரத்தில் நிற்கும் மரங்களை வெட்ட, 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வாங்கியிருக்கிறார்களா? ஆட்சியருக்கு: மண் வெட்டவும் பொக்லைன் இறக்கவும் அனுமதி உண்டா? நீலகிரியில் அனுமதி இல்லாமல் பொக்லைன் இறக்கக் கூடாது என்பது தோட்டத்தில் ஒரு படி வெட்ட நினைப்பவர்களுக்குக்கூடத் தெரியும்.

மண் வெட்டுவது பற்றிய தாளில் மட்டும் நான் பிடிவாதமாக ஒரு பத்தி சேர்க்கச் சொன்னேன். 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கமெல்லாம் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். அந்த ராத்திரிகளை இங்கே யாரும் மறக்கவில்லை. எங்கள் புல்வெளிச் சரிவை நேராக வெட்டி மைதானம் போட்டால், மேலே தண்ணீர் இறங்க வழியில்லாமல் தேங்கும். வெட்டிய சுவர் ஒரு நாள் கீழே வரும். கீழே இருப்பது எங்கள் வீடுகள். ஐயா அதை உணர்ச்சியாக எழுதாமல், சரிவு எந்தப் பக்கம், கீழே எத்தனை வீடு, தொட்டி எவ்வளவு தூரம் என்று எழுதினார். அப்படி எழுதியதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது.

இந்தக் கடையில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் ஒரு தீர்ப்பு. 2011 ஜனவரி 28-ல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் கொடுத்தது. பஞ்சாபில் ஒரு கிராமத்துக் குளத்தை மண் போட்டு மூடி வீடு கட்டிவிட்டார்கள். அதை அகற்றச் சொன்ன நீதிமன்றம், நாடு முழுக்க ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை எடுக்க மாநிலங்கள் திட்டம் போட வேண்டும் என்றது. இது வரைக்கும் நானும் எங்கோ கேள்விப்பட்டிருக்கிறேன். ஐயா அதன் கடைசிப் பகுதியைப் படித்துக் காட்டினார். விதிவிலக்காகச் சில இடங்களை மட்டும் முறைப்படுத்தலாம் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிலமில்லாத கூலிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அரசு குத்தகைக்குக் கொடுத்த நிலம் அதில் ஒன்று. இன்னொன்று, ஏற்கெனவே ஒரு பள்ளியோ மருந்தகமோ பொது உபயோகத்துக்கான வேறு கட்டடமோ நிற்கிற நிலம்.

அதைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. ஏற்கெனவே நிற்கிற பள்ளி! அப்படியென்றால் புறம்போக்கில் ஒரு சுவரும் கூரையும் வந்துவிட்டால், ‘பிள்ளைகள் படிக்கிறார்கள், இப்போது எப்படி இடிப்பது’ என்று கேட்க அவர்களுக்கு ஒரு வழி கிடைத்துவிடும். பள்ளிக்கூடத்தை இடிக்கச் சொல்ல எந்த ஊருக்கும் மனசு வராது, எங்களுக்கும் வராது. அதனால் எதிர்ப்பைக் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும் என்றார். பொறுமையாக இருப்போம், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம் என்று எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்தின் நகலை அவர்களுக்குக் காட்டிய பிறகு யாரும் அப்படிப் பேசவில்லை.

கட்டிய பிறகும் ஜெயித்த கதை மலையில் உண்டு. கொடைக்கானலில் இரண்டு தளத்துக்கு அனுமதி வாங்கி ஏழு தளம் எழுப்பிய ஒரு ஹோட்டலை எதிர்த்துப் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினர் வழக்கு நடத்தினார்கள். கூடுதல் தளங்களை இடிக்க வேண்டும் என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 1995-ல் உறுதி செய்தது. ஆனால் அது ஹோட்டல். அதோடு, சென்னைக்கும் டெல்லிக்கும் வழக்கறிஞர் வைத்து நடக்கும் தெம்பு எங்கள் மகளிர் குழுவுக்கு எங்கே இருக்கிறது?

இனி குறைகளும் சொல்ல வேண்டும்.

மருமகள் வேகமாகத் தட்டச்சு செய்வார். அந்த வேகத்தில் தப்பும் வரும். எங்கள் முதல் பிரதியில் சர்வே எண் சரியாக இருந்தது, உட்பிரிவு எண் மாறிவிட்டது. அப்படியே கொடுத்திருந்தால் யாரோ ஒருவருடைய தேயிலைத் தோட்டத்தை அளந்துவிட்டு, ஆக்கிரமிப்பு எதுவும் இல்லை என்று கோப்பை மூடியிருப்பார்கள். நான்தான் ‘அ’ பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தேன். காசு வாங்காமல் திருத்திக் கொடுத்தார்கள் என்றாலும், இது சின்னத் தப்பு இல்லை. கடையை விட்டு இறங்குவதற்கு முன் ஒவ்வொரு எண்ணையும் நீங்களே படித்துப் பாருங்கள். இன்னொன்று, கணினியில் பழைய மனுக்களை வைத்துக்கொண்டு அதன் மேலேயே எழுதுகிறார்கள். எங்கள் மனுவில் ஓர் இடத்தில் ‘ஏரிக்கரை’ என்று இருந்தது. எங்கள் ஊரில் ஏரி ஏது? சமவெளியில் யாருக்கோ எழுதியதிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

உட்கார இடம் போதாது. இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்ச். கரண்ட் போனால் பிரிண்டர் நின்றுவிடும். மழைக்காலத்தில் இது அடிக்கடி நடக்கிறது. வயதானவர்களுக்கு மாடிப்படி செங்குத்து. பில் கேட்டால்தான் தருகிறார்கள். குழுக் கணக்கில் எழுத வேண்டியவர்கள் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

கட்டணம் நியாயம்தான். ‘அ’ பதிவேடு, புலப்படம் எடுத்துத் தர ஒரு தாளுக்கு 20 ரூபாய். மனு எழுத 150. தகவல் உரிமை விண்ணப்பம் எழுத 60. அதற்கு மேல் அரசுக்கான 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை நாம் ஒட்ட வேண்டும். எங்களுக்கு எல்லாத் தாளும் சேர்ந்து ஆயிரத்துக்குள் முடிந்தது. குழுவில் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுக் கொடுத்தோம்.

தகவல் உரிமை விண்ணப்பத்தை ஐயா எழுதுகிற விதம் தனியாகச் சொல்ல வேண்டியது. ‘ஏன் அனுமதித்தீர்கள்’ என்ற மாதிரிக் கேள்வி ஒன்றுகூட இருக்காது. ‘இன்ன சர்வே எண்ணில் கட்டடம் கட்டக் கோரி வந்த விண்ணப்பத்தின் நகல், இணைத்த வரைபடத்தின் நகல், கொடுத்த அனுமதி ஆணையின் நகல், தள ஆய்வு அறிக்கையின் நகல்’ என்று தாளாகத்தான் கேட்பார். 2005 சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. எங்களுக்கு வந்த பதில் சுருக்கமானது: அந்த எண்ணில் எந்தக் கட்டட அனுமதியும் வழங்கப்படவில்லை. அதாவது பலகை வைத்தபோது அவர்கள் கையில் எந்த ஆணையும் இல்லை. அந்த ஒரு தாளை நகலெடுத்து ஊரில் வீடு வீடாகக் கொடுத்தோம். வேலைக்கு ஆசைப்பட்டு அவர்கள் பக்கம் நின்றவர்களில் பாதிப் பேர் அன்றைக்கே அமைதியானார்கள்.

திங்கள்கிழமை உதகையில் பிங்கர்போஸ்ட் கூடுதல் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுக்களைக் கொடுத்தோம். அங்கே மனுவுக்கு எண் போட்டுத் தருகிறார்கள். அந்த எண்ணைத்தான் பிறகு எல்லா இடத்திலும் காட்டினோம். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமும் போட்டோம். அதன் வாசகத்தையும் ஐயாதான் எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு வரியைச் சேர்த்தது நான்: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்து ஒரு கட்டடம் பூட்டிக் கிடக்கிறது, அதைப் பழுது பார்த்து மேல் வகுப்புகள் நடத்த வேண்டும், தனியார் பள்ளி வருவதானால் ரோட்டை ஒட்டி ஏற்கெனவே தேயிலை பிடுங்கிய சமதள இடங்கள் இருக்கின்றன, அவற்றைப் பார்க்கட்டும். எதிர்ப்போடு மாற்று இடத்தையும் சொன்ன பிறகு ‘படிப்புக்கு எதிரி’ என்ற பேச்சு நின்றது. லாங்வுட் சோலை எங்களுக்குப் பக்கத்தில்தான். 116 ஹெக்டேர் காடு. சுற்றியுள்ளவர்கள் விடாமல் காவல் காத்ததால் அழியாமல் தப்பியது. 2024-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் ஏறியது. அங்கிருந்து தண்ணீர் குடிக்கிற ஊர்க்காரர்கள் இருவர் எங்கள் கிராம சபைக்கு வந்து பேசினார்கள். எங்கள் சதுப்பு மிகச் சின்னது, அதற்குப் பட்டியல் எதுவும் கிடையாது. ஆனால் எங்கள் குடத்துக்கு அதுதான் தண்ணீர் தருகிறது.

இப்போது நிலைமை இதுதான். அளந்து கல் நட்டிருக்கிறார்கள். வேலியை ஓடைக்கு இந்தப் பக்கம் கொண்டு வரக் கூடாது என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள், எழுத்தில் கேட்டிருக்கிறோம். பள்ளித் தரப்பு வரைபடத்தை மாற்றப் போவதாகப் பேச்சு. பட்டா நிலத்தில், உயரத்துக்குள், சதுப்பைத் தொடாமல் கட்டினால் நாங்கள் என்ன சொல்வது என்று குழுவில் இன்னும் பேசி முடிவுக்கு வரவில்லை. சரிவு சரிவுதானே என்பது என் கட்சி.

இதற்கு மேல் போக வேண்டி வந்தால் இந்தக் கடை போதாது. ஐயா வழக்கறிஞர் இல்லை. அதை அவரே முதல் நாளில் சொல்லிவிடுகிறார். சுற்றுச்சூழல் வழக்குகளைப் பார்க்கும், சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டுமானால் பிரச்சினை தொடங்கியதிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வேலி போட்ட நாளின் தேதியோடு நான் எடுத்த போட்டோவை அவரே பிரிண்ட் போட்டுக் கோப்பில் சேர்த்து வைத்தார்.

பட்டா பெயர் மாற்றம், வாரிசுச் சான்று போன்ற வழக்கமான வேலைகளையும் செய்கிறார்கள். அவற்றுக்கு வேறு கடைகளும் இருக்கின்றன, அங்கேயும் போகலாம். பொது நிலம், ஓடை, மேய்ச்சல் இடம், சதுப்பு என்று ஊர்ப் பிரச்சினையாக இருந்தால் இங்கேதான் போகச் சொல்வேன். 5-க்கு 4 தருகிறேன். உட்பிரிவு எண்ணில் வந்த தப்புக்காகத்தான் ஒன்றைக் குறைத்தேன்.

போகிறவர்கள் காலை பத்து மணிக்கே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் கூட்டம். கிராமத்தின் பெயர், பக்கத்து நிலத்துக்காரர் ஒருவருடைய பட்டா எண், இடத்தின் போட்டோ, பலகை இருந்தால் அதன் போட்டோ, ஏற்கெனவே கொடுத்த மனுக்களின் நகல் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். நான்கைந்து பேராகப் போகாமல் இரண்டு பேர் போதும். ஒருவர் பேசட்டும், இன்னொருவர் எண்களைச் சரிபார்க்கட்டும்.